கையெழுத்துப் போடாதவள்

விஜயதசமியன்று காலையில், பூஜைக்கு வைத்த பொரியும் கடலையும் தட்டில் அப்படியே இருக்க, சிவசைலம் தன் ஆபீசில் வேலை பார்க்கிற நாலு பேருக்கும் நாலு தாளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். நாலிலும் ஒரே வாசகம்தான். இசக்கிமுருகன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். நெல்லையப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார், பிறகு போட்டார். ஷஃபீகா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விஜயஸ்ரீயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே போட்டாள்.

விஜயஸ்ரீ தன் தாளை முழுக்கப் படித்துவிட்டு, அதை அவர் பக்கமாகவே நகர்த்தி வைத்தாள்.

"அத்தான், இதுல நான் போட மாட்டேன்."

சிந்துபூந்துறையில் ஆற்றுக்கு இறங்குகிற தெருவில், தரைத்தளத்தில் இரண்டு அறைகள். வாசலில் 'கோமு இன்ஃபோ' என்று நீலப் பலகை. கோமு சிவசைலத்தின் மனைவி. விஜயஸ்ரீக்கு உடன்பிறந்த அக்கா. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு ரத்தம் சுத்தம் பண்ணுகிற டயாலிசிஸ் நிலையங்கள் ஐந்தில், அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும், இவர்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம்தான் ஓடியது. யார் எந்தக் கிழமை வர வேண்டும், வரும்போது என்ன எடை, போகும்போது என்ன எடை, யாருக்கு மஞ்சள்காமாலைக் கிருமி இருப்பதால் தனி மெஷின், எல்லாம் அதில் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதன் முதல் வரியை எழுதியவள் விஜயஸ்ரீ.

அப்படி எழுதுகிற வரிகளைத்தான் ஆபீசில் கோடு என்பார்கள். நிலையங்களில் ஓடுவது அந்தக் கோட்டிலிருந்து செய்து கொடுத்த புரோகிராம். அதைப் பயன்படுத்தலாம், பிரித்துத் திருத்த முடியாது. திருத்த வேண்டுமென்றால் கோடு வேண்டும். அது இதுவரைக்கும் எங்கே இருந்தது என்று கேட்டால், எல்லாரிடமும் இருந்தது. அவரவர் லேப்டாப்பில் கொஞ்சம், பென் டிரைவில் கொஞ்சம். ஆவணியில் ஸ்ரீசரண் வேலையை விட்டுச் சென்னைக்குப் போனான். புரட்டாசி முடிவதற்குள், மதுரையில் ஒரு இடத்தில் இதே புரோகிராம் வேறு பெயரில் ஓடுவதாக சிவசைலத்துக்குத் தகவல் வந்தது. எழுத்துப்பிழைகூட அதே இடத்தில் இருந்ததாம். மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாங்கித் தன் அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்து, அறைக்குப் புதுப் பூட்டும் போட்டார். ஐந்தாம் நாள்தான் இந்தத் தாள்.

"என்ன தப்பு இருக்கு அதுல?" என்றார் சிவசைலம். "கோடு பூராம் இனிமே அந்த மெஷின்ல மட்டும்தான். எழுதுதது அதுல, வைக்கது அதுல. வெளிய ஒரு காப்பி போச்சுன்னா போலீஸ் கேஸு. இதுல உனக்கு என்ன நோவு?"

"ஒரே இடத்துல வைக்கணும்ங்கது சரி அத்தான். அந்த இடம் உங்க ரூமுங்கதுதான் சரியில்ல."

"பொறவு எங்க, உன் ரூமுலயா?"

"யார் ரூமுலயும் வேண்டாம். இதுக்குன்னே இன்டர்நெட்ல இடம் குடுக்கான். கம்பெனி பேர்ல ஒரு கணக்கு தொறந்துக்கிடலாம். நாங்க எழுதுதது பூராம் அங்க போயிரும். எந்த வரியை யார் எழுதினா, என்னைக்கு மாத்தினாங்கதை அதுவே பேர் போட்டு வச்சிக்கிடும். வேலைய விட்டுப் போறவனுக்கு அன்னைக்கே கதவை அடைச்சிரலாம். ஸ்ரீசரணுக்கும் அப்படி அடைச்சிருக்கணும்."

"ஊரான் வீட்டுல கொண்டு வைக்கச் சொல்லுத."

"அக்கா நகை லாக்கர்லதான இருக்கு. பேங்க்காரன் உங்க சித்தப்பாவா?"

இசக்கிமுருகன் ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"சாவி யார்ட்ட இருக்கும்?" என்றார் சிவசைலம்.

"சாவின்னா பாஸ்வேர்டுதான். ரெண்டு பேர்ட்ட இருக்கணும். உங்ககிட்ட ஒண்ணு, எங்கள்ல ஒருத்தர்ட்ட ஒண்ணு. உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா அஞ்சு ஊர்லயும் வேலை நிக்கப்படாதுல்லா."

"அந்த ஒருத்தர் நீ. அப்படித்தான?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லவா வேணும். ஸ்ரீசரணும் இப்படித்தான் தேனாட்டம் பேசினான்."

விஜயஸ்ரீயின் முகம் சிவந்தது. அவள் எழுந்து போய்த் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, அவர் முன்னாலேயே திறந்து வைத்தாள். அதிலிருந்த கோடு முழுவதையும் முதலில் அவருடைய புதுக் கம்ப்யூட்டருக்கு ஏற்றினாள். அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் நகரவில்லை. பிறகு ஒவ்வொன்றாக அழித்தாள். கைப்பையிலிருந்து இரண்டு பென் டிரைவை எடுத்துச் செருகி அதையும் அழித்தாள். மெயிலில் கிடந்ததையும் தேடி அழித்தாள்.

"குப்பைத்தொட்டியையும் காலி பண்ணுதேன், பாத்துக்கிடுங்க. கோடு கம்பெனிச் சொத்து, அதுல எனக்கு மறுபேச்சே கிடையாது. ஒரு வரிகூட எங்கிட்ட இல்ல. ஆனா இந்தத் தாள்ல போட மாட்டேன். ஒரு மெஷின்ல, ஒரு பூட்டுக்குள்ள, ஒருத்தர் கையில இருக்கது பத்திரம்னு எழுதியிருக்கீங்க. அது பொய். பொய்யில எப்படிக் கையெழுத்துப் போட?"

"போட்டா உள்ள. போடலைன்னா வீட்டுல இரு" என்றார் சிவசைலம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

* * *

பாளையங்கோட்டையில் மாடிவீடு. கணவன் குருபிரசாத் ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூட வாத்தியார். காலையில் செங்கோட்டை பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சரி, செஞ்சது செஞ்சாச்சு. அழிச்சதை மட்டும் கொஞ்சம் யோசிச்சு அழிச்சிருக்கலாம்" என்றான். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அவள் எங்கோ ஒரு காப்பி வைத்திருக்கிறாள் என்று அவனும் நம்பினான் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் கோமு வந்தாள். விஜயஸ்ரீ சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் பால் தனியாக ஒரு செம்பில் மூடி இருந்தது. கோமு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேட்காமலே அம்மியடியில் உட்கார்ந்து துவையலுக்கு இஞ்சி சீவ ஆரம்பித்தாள்.

"ஏட்டி, ஒரு கையெழுத்துதான. பள்ளிக்கூடத்துல ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தையே போட்டவதான நீ."

"அது என் மார்க்கு. மாட்டினா எனக்குத்தான் அடி."

"இதுல யாருக்கு அடி விழப்போவுது?"

"அந்த மெஷின் ஒரு நாள் மக்கர் பண்ணினா, டயாலிசிஸுக்கு வாற ஆளுகளுக்கு."

"உங்க அத்தான் ராத்திரி தூங்கல தெரியுமா. உன்னைச் சந்தேகப்பட்டா பேசினாக? ஒரு வேகத்துல வந்த வார்த்தை. கூடப்பொறந்தவ புருசன்னு பாக்காம, நாலு பேருக்கு முன்னால பேங்க்காரன் உங்க சித்தப்பாவான்னு கேட்டியாம்."

"கேட்டேன். அவரும் நாலு பேருக்கு முன்னாலதான் என்னைக் கள்ளன்கூடச் சேத்துச் சொன்னாரு."

கோமு இஞ்சித்தோலை விரலால் ஒதுக்கினாள். "நீ எங்கயோ ஒண்ணு வச்சிருக்கன்னு அவாளுக்கு இன்னும் மனசுல இருக்கு. வச்சிருந்தேன்னா எங்கிட்ட குடுத்துரு. நான் பைய சொல்லிக் குடுத்துருதேன். யாருக்கும் தெரியாது."

"அக்கா, இல்லாததை எப்படிக் குடுக்க?"

"ஒன்பது வருச வேலை. ஒரு காப்பிகூடவா வச்சிருக்க மாட்ட?"

விஜயஸ்ரீ இரண்டாம் பாலை அடுப்பில் ஏற்றினாள். முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. "அந்த நீலப் பலகையில யார் பேரு எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"ஏன், என் பேருதான்."

"அந்த ரூம் சாவி என்னைக்காவது உன் கையில இருந்திருக்கா?"

கோமு இஞ்சியை அம்மியில் வைத்து அரைக்க ஆரம்பித்தாள். போகும்போது, வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உனக்கு வாய் ஜாஸ்தி. சொதி நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

* * *

மார்கழி பிறந்த அன்றைக்கு விடியும்போதே மழை. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து மணிக்கு மேல் அது மழையாக இல்லை. வானத்தை யாரோ சாய்த்து ஊற்றுகிற மாதிரி இருந்தது. கரண்ட் போயிற்று. பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்றார்கள். சாயங்காலம் சிவசைலம் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் புறப்பட்டார். தெருமுனையிலேயே இடுப்பளவு தண்ணீர். போலீஸ்காரர்கள் கயிறு கட்டி நின்றார்கள். "அண்ணாச்சி, உசுரு வேணுமா மெஷின் வேணுமா" என்று ஒருவர் கேட்டாராம். சாவி சட்டைப்பையிலேயே இருந்தது. மறுநாள் ஆற்றுத் தண்ணீர் அந்தத் தெருவில் ஃபேன் உயரத்துக்கு நின்றது.

வடிந்தபிறகு விஜயஸ்ரீயும் குருபிரசாத்தும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு போனார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒன்பது வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்த இடம். நீலப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே முழங்கால் அளவுக்குச் சேறு. ஆற்று வண்டலும் சாக்கடையும் கலந்த, வழுவழுப்பான கறுப்புச் சேறு. இசக்கிமுருகன் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாந்துச்சட்டியில் அள்ளிக் கொடுக்க, நெல்லையப்பன் வாசலில் நின்று வாங்கிக் கொட்டினார். ஷஃபீகா வரவில்லை. காயல்பட்டினத்துக்கு ரயில் பாதை அறுந்து கிடந்தது; போனும் கிடைக்கவில்லை. கோமு ஒரு தூக்குச்சட்டியில் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் கொண்டுவந்திருந்தாள். எல்லாரும் சேற்றுக் கையைக் குடத்துத் தண்ணீரில் சிக்கனமாகக் கழுவிவிட்டு, நின்றபடியே சாப்பிட்டார்கள். அன்றைக்கு ஊரில் குடிதண்ணீர்தான் பெரிய சொத்து.

சிவசைலம் பூட்டைத் திறக்க முடியாமல் கதவைக் கடப்பாரையால் நெம்பினார். கறுப்புக் கம்ப்யூட்டர் பீரோவுக்கு அடியில் குப்புறக் கிடந்தது. தூக்கிச் சாய்த்ததும் பக்கத்துத் துவாரங்களிலிருந்து சேறு கூழாக இறங்கியது. பெங்களூருக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று இசக்கிமுருகன் சொன்னான். அனுப்பினார்கள். எட்டாம் நாள் பதில் வந்தது: உள்ளே வண்டல் போய் உராய்ந்துவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது.

அதற்குள் வேறு ஒரு நெருக்கடி. பாளையங்கோட்டை நிலையத்திலிருந்து தலைமை நர்ஸ் பிரியதர்ஷினி விஜயஸ்ரீக்குப் போன் பண்ணினாள்.

"விஜிக்கா, ஸ்ரீவைகுண்டம் நிலையம் பூராம் தண்ணிக்குள்ள போயிட்டு. அங்க உள்ள பேஷண்டு எல்லாம் இங்க வாராங்க. எழுபது பேரு. நம்பரைப் போட்டா, 'இவர் இந்த நிலையத்தைச் சேர்ந்தவர் இல்லை'ன்னு சொல்லிட்டு அப்படியே நிக்கி. எடை என்ன, கிருமி இருக்கா இல்லையா, ஒண்ணும் காட்ட மாட்டேங்கு. அவங்க ஃபைலும் வெள்ளத்தோட போச்சு. நான் எப்படி மெஷின்ல போட?"

"உங்க கம்ப்யூட்டர்ல அவங்க விவரம் இருக்கு சிஸ்டர். ராத்திரிக்கு ராத்திரி மத்த நாலு நிலையமும் உங்களுக்கு அனுப்பி வைக்கும். புரோகிராம்தான் காட்டப்படாதுன்னு மறிக்கு. அப்படித்தான் எழுதியிருந்தேன்."

"அந்த மறிப்பை எடுத்து விட்டுரேன்."

"எடுக்கதுக்குக் கோடு வேணும்" என்றாள் விஜயஸ்ரீ.

போனை வைத்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். புரோகிராமைத் தொடாமல், அதற்குக் கீழே சேர்ந்து கிடந்த விவரங்களை ஆள் ஆளாகத் தேடி எடுத்து அச்சடித்தாள். இரண்டு பகல் அந்த வேலை. வெளியே பெஞ்சில் ஆட்கள் கால் வீங்கி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற ஒருவர், தன் தாள் கைக்கு வந்ததும் அதை மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்தியபடி உள்ளே போனார். ஆனால் தாள் தாள்தான். நாளைக்கு எடை மாறும். பார்த்த சிகிச்சையை எங்கே பதிவது? புரோகிராம் வாங்க மறுக்கிறது. ஒவ்வொரு நாளும் இவள் வந்து கையால் செய்துகொண்டிருக்க முடியாது.

செய்தி சிவசைலத்துக்குப் போயிற்று. அவர் மறுநாளே கோமுவையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார். முகத்தில் நாலு நாள் தாடி. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"கோடு இல்லாமத்தான் எழுபது பேரு விவரத்தை எடுத்தியாக்கும்?"

"விவரம் வேற, கோடு வேற அத்தான். விவரம் அவங்க மெஷின்ல கிடந்துச்சு. எடுத்துக் குடுத்தேன்."

"எனக்குப் பாடம் எடுக்காத. நீ வச்சிருக்க. நான் நொந்து நூலாகட்டும்னு பாத்துக்கிட்டிருக்க."

"விஜி, குடுத்துரு" என்றான் குருபிரசாத், மெதுவாக.

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களுமா நினைச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அத்தான், சோறு இருக்கு, அஞ்சு ஊர்லயும் சாப்பிடுதாங்க. அந்தச் சோத்தைக் கொண்டு போய் வயல்ல விதைச்சா முளைக்குமா? நெல்லு வேணும். நெல்லை நீங்க ஒரு குலுக்கையில போட்டுப் பூட்டுனீங்க. வெளிய ஒரு மணிகூட இருக்கப்படாதுன்னீங்க. உங்க கண்ணு முன்னாலதான் அழிச்சேன். மூணு பேர் சாட்சி. அன்னைக்கு நான் சொன்னதை நீங்க நம்பல. இன்னைக்கும் நம்பல. நம்பாத மனுசனுக்கு எதைக் காட்ட?"

"ஒத்தக் கம்ப்யூட்டரை வச்சு நானே டைப் அடிச்சு இந்தக் கம்பெனியை ஆரம்பிச்சவன்" என்றார் சிவசைலம், யாரையும் பார்க்காமல். பிறகு படியில் இறங்கிப் போனார். கோமு ஒரு நிமிஷம் நின்றாள். தங்கையின் தோளைத் தொட்டாள். பிறகு அவளும் இறங்கினாள்.

அன்றைக்குக் குருபிரசாத் தானே காப்பி போட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். "தப்புதான்" என்றான். அவள் காப்பியைக் குடித்தாள். பேச இரண்டு நாள் ஆயிற்று.

* * *

மூன்றாம் நாள் மத்தியானம் ஷஃபீகா வந்தாள். காயல்பட்டினத்திலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி, வழியெல்லாம் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். செருப்பில் செம்மண். மடியில் ஒரு டர்க்கித் துண்டில் சுற்றிய லேப்டாப்.

"வீட்டுல தண்ணி வந்துச்சா?"

"வாசல் முத்தம் வரைக்கும் வந்துச்சுக்கா. எல்லாத்தையும் மச்சுல ஏத்திட்டோம்." தண்ணீரை வாங்கிக் குடித்தாள். "அக்கா, ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க என்னைக் கேவலமா நினைக்கப்படாது."

"சொல்லு."

"கோடு எங்கிட்ட இருக்கு."

விஜயஸ்ரீ அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐப்பசியில ஒரு நாள் ஸார் திருச்செந்தூர் போயிட்டாங்க. சாவியும் அவங்க பையில போயிட்டு. அன்னைக்குப் பூராம் நாங்க மூணு பேரும் சும்மா உட்காந்திருந்தோம். அன்னைக்கு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஸாருக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்ன செய்யன்னு பயந்துட்டேன். மறுநாள்ல இருந்து வாரம் ஒருக்க காப்பி எடுத்தேன். இது துபாய்ல இருக்க எங்க காக்காவோட, அண்ணனோட லேப்டாப்பு. வீட்டுல யாருக்கும் தெரியாது." லேப்டாப்பை மடியில் இன்னும் இறுக்கினாள். "கையெழுத்துப் போட்டுட்டுத்தான் இதைச் செஞ்சேன். என் நிய்யத்து, மனசுல நினைச்சது, கெட்டது இல்லக்கா. நான் விக்க நினைக்கல. அமானிதமாத்தான் வச்சிருந்தேன், ஒருத்தர் நம்பிக் குடுத்த பொருளைக் காப்பாத்துத மாதிரி. ஆனா யாரும் எங்கிட்ட நம்பிக் குடுக்கலையே. வெளிய தெரிஞ்சா கேஸுன்னு தாள்ல இருக்கு. வாப்பா தாங்க மாட்டாங்க."

"ஸார்ட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்ல? நீங்க குடுத்ததா சொல்லிக் குடுத்துருங்கக்கா. நீங்க வச்சிருக்கதாத்தான் எல்லாரும் நினைக்காங்க. உங்களுக்குக் கையெழுத்தும் இல்ல, கேஸும் வராது."

அது நல்ல யோசனைதான். எல்லாரும் நம்புகிற பொய். ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கு மாலையே எழுபது பேருடைய விவரமும் திரையில் வந்துவிடும். விஜயஸ்ரீ அந்தத் துண்டின் முனையைத் திருகிக்கொண்டே யோசித்தாள்.

"அப்படிச் சொன்னா, இத்தனை நாள் நான் சொன்னது பொய்யாயிரும். அந்தத் தாள் சரின்னு ஆயிரும். நாளைக்கு இன்னொரு ரூமு, இன்னொரு பூட்டு. அது வேண்டாம். உன் பேரும் வெளிய வராது. நீ சாப்பிடு முதல்ல."

* * *

மறுநாள் காலையில் ஆபீசில் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தாள். சுவரில் தண்ணீர் நின்ற தடம் ஃபேனுக்குக் கீழே ஒரு சாணில் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கழுவிப் போட்டிருந்தார்கள். கோமுவும் வந்திருந்தாள்.

விஜயஸ்ரீ நின்றுகொண்டே பேசினாள். "அத்தான், கோடு ஒரு இடத்துல இருக்கு. எங்கிட்ட இல்ல. யார்ட்ட இருக்குன்னு சொல்ல மாட்டேன்."

சிவசைலம் எழுந்துவிட்டார். "யாரு?"

"சொல்ல மாட்டேன்னு சொன்னேன்லா."

"என் கோடு பூராத்தையும் எவனோ திருடி வச்சிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரியப்படாதா?"

"திருடினவன் மதுரையில வித்தான். இது உங்களுக்காக வச்சிருந்த ஆளு. உங்க தாள் பிரகாரம் ரெண்டு பேருக்கும் ஒரே கேஸு. அதான் அந்தத் தாளோட லெச்சணம்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "மூணு தாளையும் கொண்டாங்க. இங்க வச்சுக் கிழிங்க. கோடு இனிமே எங்க இருக்கணும்னு எல்லாருமாச் சேந்து எழுதுவோம். அதுக்குப் பொறவு கோடு வரும்."

"மிரட்டுதியா?"

"ஆமா."

நெல்லையப்பன் இருமினார். சிவசைலம் கோமுவைப் பார்த்தார். "கேட்டியா உன் தங்கச்சி பேசுததை?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் கோமு. மடியிலிருந்த பையைத் திறந்து மூன்று தாளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். வீட்டு மாடிப் பீரோவில் அவை நனையாமல் இருந்தன. "காலையிலேயே எடுத்து வச்சிட்டேன். என்னைப் பாக்காதீங்க. அந்த எழுபது பேரைப் பாருங்க."

சிவசைலம் தாளைக் கையில் எடுத்தார். அன்றைக்கு இருந்த ஆத்திரமெல்லாம் அந்த எழுத்தில் இருந்தது. அவரே உட்கார்ந்து டைப் அடித்தது. முதல் தாளைக் கிழித்தார். இரண்டாவதைக் கிழித்தார். மூன்றாவதைக் கிழித்து எல்லாவற்றையும் சேர்த்துக் கசக்கி மேஜைமேல் போட்டார்.

"இப்ப சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் விஜயஸ்ரீ மறுபடியும்.

ஷஃபீகா எழுந்தாள். "எங்கிட்டதான் ஸார் இருக்கு. கார்த்திகை கடைசி வாரம் வரைக்கும் உள்ளது."

சிவசைலம் வாயைத் திறப்பதற்குள் இசக்கிமுருகன், "அண்ணாச்சி, எங்கிட்டயும் ஒண்ணு கிடக்கு" என்றான். பர்ஸிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தான். "ஐப்பசி வரைக்கும்தான். எங்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு நினைச்சுப் பயந்துக்கிட்டே கிடந்தேன். சொல்ல வாய் வரல."

நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு இந்தத் திரையில எல்லாம் நம்பிக்கை கிடையாது. முக்கியமான பகுதி பூராம் பேப்பர்ல அடிச்சு வச்சிருக்கேன். நானூறு பக்கம் இருக்கும். பேட்டையில வீட்டுப் பரண்ல கிடக்கு."

சிவசைலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் விஜயஸ்ரீயைப் பார்த்தார்.

"அப்ப, கையெழுத்துப் போட்ட மூணு பேரும் வச்சிருந்திருக்கீங்க."

"ஆமா ஸார்" என்றாள் ஷஃபீகா.

"போடாதவகிட்டதான் இல்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கசங்கிய தாளை ஒதுக்கிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு நான் பேசினது தப்பு விஜி" என்றார். நாலு பேருக்கு முன்னால்தான் சொன்னார்.

அன்றைக்கே கம்பெனி பெயரில் கணக்குத் திறந்தார்கள். மூன்று காப்பியும் மூன்று மாதிரி இருந்தன. ஷஃபீகாவுடையதில் இருந்த சில திருத்தங்கள் இசக்கிமுருகனுடையதில் இல்லை. இரண்டிலும் விட்டுப்போன ஒரு பகுதியை நெல்லையப்பன் பரணிலிருந்து கொண்டுவந்த பேப்பரைப் பார்த்து விஜயஸ்ரீ வரி வரியாக அடித்தாள். பிரியதர்ஷினி பகலெல்லாம் போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு, ஆத்தூர் கொடிக்கால்காரருடைய நம்பரைப் போட்டதும் அவருடைய எடை பாளையங்கோட்டைத் திரையில் வந்தது. "வந்துட்டு, வந்துட்டு" என்று அவள் போனில் சொன்னது அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

இரண்டாவது சாவியை விஜயஸ்ரீயே வைத்துக்கொள்ளட்டும் என்றார் சிவசைலம்.

"எனக்கு வேண்டாம். ஷஃபீகாட்ட குடுங்க. கேஸு வரும்னு தெரிஞ்சே காப்பாத்தினவ அவதான்."

அவர் யோசித்தார். பிறகு தலையாட்டினார். விஜயஸ்ரீ தை பிறந்ததும் வேலைக்கு வருவதாகச் சொன்னாள். தாள் எதுவும் கேட்கவில்லை; அவரும் நீட்டவில்லை.

தை மாதம் ஒரு நாள், ஆபீசை மாடியில் வேறு இடத்துக்கு மாற்றியபிறகு, சிவசைலம் தானே உட்கார்ந்து கோட்டில் நிலையங்களின் போன் நம்பரை மாற்றினார். பழைய ஞாபகம், கை சும்மா இருக்கவில்லை. ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டு, அப்படியே எல்லா நிலையத்துக்கும் அனுப்பினார். அரை மணி நேரம் ஐந்து ஊரிலும் திரை வெள்ளையாக நின்றது. இசக்கிமுருகன் ஓடிவந்து பார்த்துச் சரிசெய்தான். கம்பெனியின் இன்டர்நெட் கணக்கில் அந்தப் பிழைக்கு நேராக, யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி, 'சிவசைலம்' என்று பெயரும் தேதியும் மணியும் இருந்தது.

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு அவர் ஷஃபீகாவின் மேஜைக்கு வந்தார். கொஞ்சம் தயங்கினார்.

"இந்தப் பேரை அங்கன இருந்து எடுத்துர முடியாதா?"

ஷஃபீகா டிபன் பாக்ஸை மூடினாள். முன்னைப்போல் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"முடியும் ஸார்" என்றாள். "எடுக்க மாட்டேன்."